போர்வெல் காற்று தள்ளிய கோடையும் குளியலறைத் தண்ணீரும்

2024 ஏப்ரலில் எங்கள் வீட்டு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, காற்று தள்ள ஆரம்பித்தது. மோட்டார் போட்டால் முதல் ஐந்து நிமிடம் தண்ணீர் வரும், அப்புறம் புஸ் புஸ்ஸென்று காற்றும் சேறும், மறுபடி கொஞ்சம் தண்ணீர். 650 அடி போர் அது. போட்ட புதிதில் இரண்டு இஞ்ச் தண்ணீர் அடித்தது என்று அத்தை இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் போர் ஒழுங்காக ஓடவில்லை. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் முறை வைத்து வரும், குடங்களில் பிடித்து வைத்துக்கொள்வோம். புழங்கத்தான் தண்ணீர் இல்லை. டிராக்டர் டேங்கர் ஒரு லோடு 5,000 லிட்டர், 800 ரூபாய். இன்றைக்குச் சொன்னால் மூன்றாம் நாள் வரும்.

ஒரு நாள் டேங்கர்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் வந்தேன். மகள் உள்ளே தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் நுரையோடு சலதாரை வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாலடி தள்ளி வாழைக்கன்று இலை சுருண்டு நின்றது. எனக்குத் தோன்றியதை அத்தை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். "பழைய வீட்டுல குளிக்கிற கல்லுக்குப் பக்கத்துல எந்நேரமும் வாழையும் சேம்பும் இருக்கும். யாரும் தனியா தண்ணி ஊத்தல. நீங்கதான் டைல்ஸ் ஒட்டி, பைப்பு போட்டு, எல்லாத்தையும் தெருவுக்குத் தள்ளிட்டீங்க."

பதில் பேச முடியவில்லை.

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். அளக்காமல் துணி வெட்டிப் பழக்கமில்லை. அதனால் முதல் வேலையாக ஒரு வாரம் தண்ணீரை அளந்தேன். 15 லிட்டர் பக்கெட் ஒன்றையே எல்லாவற்றுக்கும் அளவாக வைத்துக்கொண்டு மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நான், வீட்டுக்காரர், அத்தை, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். ஒரு நாளைக்குச் சராசரியாகக் குளியலுக்கு 160 லிட்டர் போனது. கழிப்பறைக்கு 110. பாத்திரம் விளக்க 50. துணி வாரத்துக்கு மூன்று நாள்தான் துவைக்கிறேன், ஒரு தடவைக்கு 150 லிட்டர், நாள் கணக்கில் பிரித்தால் சுமார் 65. அரிசி, காய் கழுவ 10. வாசல் தெளிக்க, வீடு துடைக்க 20. கடைசியில் ஒன்று வந்தது, அதுதான் என்னை உலுக்கியது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடம், அதாவது 15 லிட்டர் தண்ணீரை ஆர்ஓ என்கிற சுத்திகரிப்பு மெஷினில் எடுத்தோம். அதற்காக அந்த மெஷின் வெளியே தள்ளிய தண்ணீர் 40 லிட்டர். எல்லாம் கூட்டினால் 470. செடிகளுக்கு ஊற்றுவது எட்டு பக்கெட், 120 லிட்டர், அது தனிக் கணக்கு.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஆளுக்கு 94 ஆகியிருந்தது. அந்த 470-இல் கழிப்பறை, வாசல், குடிநீர் போக மீதி 325 லிட்டர், நாங்கள் ஒருமுறை தொட்டுவிட்டுச் சாக்கடையில் விடுவது. மூன்றில் இரண்டு பங்கு!

அந்த உற்சாகத்தில்தான் முதல் தப்பைச் செய்தேன்.

குளியலறை, துணி துவைக்கும் இடம், பாத்திரம் விளக்கும் தொட்டி மூன்றையும் ஒரே பைப்பில் சேர்த்து, பின்பக்கம் குழி தோண்டி 200 லிட்டர் நீல டிரம் ஒன்றைப் புதைத்தேன். அரை எச்பி மோட்டார் ஒன்று பழையது கிடைத்தது. தேவைப்படும்போது மோட்டார் போட்டுச் செடிக்குப் பாய்ச்சலாம் என்பது திட்டம். மொத்தம் 5,200 ரூபாய். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்தேன். முட்டை அழுகிய வாடை. தண்ணீர் சாம்பல் நிறம் போய்க் கறுப்பாகியிருந்தது, மேலே வெள்ளையாக ஒரு ஏடு. மூடியின் அடியில் கொசு அப்பிக்கொண்டிருந்தது. "ஏம்மா, என்னா நாத்தம் இது? எதனா செத்துப் போச்சா?" என்று அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அந்த வார முடிவில் மோட்டாரும் நின்றது. கழற்றிப் பார்த்தால் முடியும் சோப்புப் பிசுக்கும் கயிறு போலத் திரித்துக்கொண்டு உள்ளே சுற்றியிருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்தது. குளித்த, துவைத்த தண்ணீரில் அழுக்கு, எண்ணெய், தோல், சோறு என்று நுண்ணுயிர்களுக்கு விருந்தே இருக்கிறது. அவை தின்று பெருகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் வேறு வகை நுண்ணுயிர்கள் அப்புறம் கிளம்பும். அவைதான் தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றி அந்த நாற்றத்தைக் கிளப்புபவை. பல சோப்புத் தூள்களில் எடைக்காகச் சேர்ப்பதே சோடியம் சல்பேட்தான், அதனால் நாமே தீனியும் போட்டு வைக்கிறோம். வெயில் காலத்தில் ஒரு நாளுக்குள் இதெல்லாம் தொடங்கிவிடும். ஆக இந்தத் தண்ணீரை மழைநீர் போலச் சேர்த்து வைக்க நினைக்கவே கூடாது. அன்று வந்தது அன்றே மண்ணுக்குள் போய்விட வேண்டும். மேல்மண்ணில் காற்றும் உண்டு, நுண்ணுயிரும் உண்டு, வாடை வராமல் மண்ணே அதைத் தின்றுவிடும். நான் 5,200 ரூபாய்க்கு வாங்கிய பாடம் இது ஒன்றுதான். டிரம்மை இப்போது மாட்டுக்குத் தவிடு கொட்டி வைக்கப் பயன்படுத்துகிறோம்.

இரண்டாம் தடவை ஒவ்வொரு தண்ணீருக்கும் தனி வழி வைத்தேன்.

குளியல் தண்ணீர்தான் அளவில் பெரியது, அழுக்கில் குறைந்தது. எங்கள் வீட்டில் கழிப்பறைப் பைப் செப்டிக் டேங்குக்குத் தனியாகப் போகிறது, குளியலறை தனி. இப்படி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டும் ஒரே பைப்பில் சேர்ந்திருக்கும் வீட்டில், பிரிக்காமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். பிளம்பர் தம்பியை வைத்துக் குளியலறைப் பைப்பைச் சுவருக்கு வெளியே வெட்டி, ஆங்கில T மாதிரி பிரியும் ஒரு இணைப்பு (டீ) போட்டு, இரண்டு பக்கமும் வால்வு வைத்தோம். ஒரு வால்வு பழைய சாக்கடைக்கு, இன்னொன்று தோட்டத்துக்கு. மோட்டார் கிடையாது, சரிவிலேயே ஓட வேண்டும். பத்தடிக்கு இரண்டரை இஞ்ச் இறக்கம் கொடுத்தால் போதும் என்று தம்பி சொன்னார், நான் தையல் டேப் வைத்து அளந்து பார்த்தேன். சரியாகத்தான் வைத்திருந்தார். டேப்பைப் பார்த்து அவர் சிரித்தார், சிரிக்கட்டும்.

பைப் போய் முடிவது வாழைக் குழியில். அந்தக் குழிக்கு முதலில் நான் தேர்ந்தெடுத்த இடம் சுவரை ஒட்டி இருந்தது. ஒன்றரை அடி தோண்டியதும் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் தட்டுப்பட்டது, வெள்ளை வெள்ளையாக. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மதியம் வரை அப்படியே நின்றது. பன்னிரண்டடி தள்ளிச் செம்மண் உள்ள இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குச் சின்னக் குழி எடுத்து, இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி இறங்க விட்டு, மூன்றாம் தடவை ஊற்றிக் கடிகாரம் பார்த்தேன். ஒரு இஞ்ச் இறங்க ஏழு நிமிடம் ஆனது. சரி, இதுதான் இடம் என்று முடிவு செய்தோம். ஒரு மணி நேரமாகியும் ஒரு இஞ்ச் இறங்காத மண்ணாக இருந்தால் குழி எடுத்துப் பயனில்லை, அது கொசுக் குட்டையாகத்தான் மாறும். அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். குடிக்கிற கிணறோ போரோ ஐம்பதடிக்குள் இருக்கவே கூடாது.

குழி நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம். காலியாக இருந்தால் 900 லிட்டர் பிடிக்கும். அடியில் அரை அடிக்குக் கருங்கல் ஜல்லி, அதன் மேல் தேங்காய் மட்டை, கிளை, காய்ந்த இலை என்று மேலே மேடு தட்டும் வரை நிரப்பினோம். இதெல்லாம் போட்ட பிறகும் இடுக்குகளில் 300 லிட்டருக்கு மேல் இடம் இருக்கும், எங்கள் இரண்டு நாள் குளியலுக்குத் தாங்கும். பைப்பின் வாய் மட்டைகளுக்குள் புதைந்திருக்கிறது, தண்ணீர் வெளியே கண்ணில் படவே படாது. கண்ணில் படாத தண்ணீரில் கொசு முட்டையிட முடியாது. தோண்டிய மண்ணைச் சுற்றிலும் வரப்பாகப் போட்டு அதில் நான்கு வாழை வைத்தோம், இரண்டு ஏலக்கி, இரண்டு மொந்தன். இடையில் அத்தை பிடிவாதமாகச் சேப்பங்கிழங்கு ஊன்றினார். பைப், டீ, வால்வு, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். குழி தோண்டியது வீட்டுக்காரர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க வேன் ஓட்டுகிற மனிதர், முதுகு பிடித்துக்கொண்டது. அந்தச் செலவை நான் கணக்கில் எழுதவில்லை.

துணித் தண்ணீரில் அடுத்த அடி விழுந்தது. எங்களுடையது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். முதல் அலசல், இரண்டாம் அலசல் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் பக்கெட்டில் தூக்கி ஊற்றினேன். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் செம்பருத்தி இலையின் ஓரம் நெருப்பில் வாட்டியது போலக் காய்ந்தது. கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்ந்தது. செடியைச் சுற்றி மண் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதைவிட வினோதம், தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்கவில்லை. செம்மண் ஓடு கட்டிக்கொண்டு, மேலேயே நின்று பக்கவாட்டில் ஓடியது.

பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்தேன். சலவைச் சோடா, சோடியம் சல்பேட், எங்கு பார்த்தாலும் சோடியம். சோடியம் மண்ணில் சேரச் சேரக் களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விட்டுக் கலைந்துபோகும். கலைந்த துகள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும், அதுதான் அந்த ஓடு. சலவைச் சோடா காரம் வேறு. காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது, இலை மஞ்சளாகும். கறிவேப்பிலை போய்விட்டது. செம்பருத்தியைக் காப்பாற்ற மேல் மண்ணைச் சுரண்டி எறிந்து, உரக்கடையில் ஜிப்சம் வாங்கி இரண்டு கைப்பிடி போட்டு நல்ல தண்ணீர் விட்டேன். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தள்ளிய சோடியத்தை அடித்துக்கொண்டு போக நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீர் மிச்சம் பிடிக்கப் போய் நல்ல தண்ணீரைக் கொட்ட வேண்டியிருந்தது.

இப்போது துணித் தண்ணீரை மூன்றாகப் பிரிக்கிறேன். சோப்பு கலந்த முதல் தண்ணீரும் முதல் அலசலும் பக்கெட்டுகளில் கழிப்பறைக்குப் போகும், அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் அதுதான். ஃப்ளஷ் டேங்கில் ஊற்ற மாட்டேன், உள்ளே பிசுக்குப் பிடித்து வால்வு கெட்டுவிடும். பக்கெட்டால் நேரே கோப்பையில் ஊற்றினால் வேலை முடிந்தது. கடைசி அலசல் மட்டும் தென்னைக்கு. தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும் மரம். தூளை விட்டுவிட்டுத் திரவ சோப்புக்கு மாறினேன், அதில் பொதுவாகச் சோடியம் உப்பு குறைவு. அதையும் மூடியில் பாதி அளவுதான். துணி முன்பு போலவே வெளுக்கிறது. அந்த மூடி அளவை யார் குறித்தார்களோ, சோப்பு விற்கிறவர்கள்தானே குறித்திருப்பார்கள்! பட்டுப் புடவைக்கும் தைத்துக் கொடுக்கும் மெல்லிய துணிக்கும் பூந்திக்கொட்டை, அந்தத் தண்ணீரை மர வேரில் ஊற்றலாம். சுருக்கமாகச் சொன்னால், பைப்பில் கை வைப்பதற்கு முன் சோப்பில் கை வைத்திருக்க வேண்டும்.

பாத்திரம் விளக்கும் தண்ணீரோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்க ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் பைப் வளைத்து வடிகட்டி செய்தேன். எண்ணெய் மேலே மிதக்கும், அடியிலிருந்து தண்ணீர் வெளியே போகும். வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை அந்த ஏட்டை அள்ள வேண்டும். களி கிண்டிய குண்டான் கழுவிய தண்ணீரும் குழம்பு எண்ணெயும் சேர்ந்து ஒரு வாரம் ஊறிய ஏடு எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. 50 லிட்டருக்கு அந்த வேலை கட்டாது என்று விட்டுவிட்டேன். நூறு நாள் வேலையில் தெருவில் உறிஞ்சு குழிகள் எடுத்தபோது எங்கள் வீட்டுக்கும் ஒன்று எடுத்தார்கள், பாத்திரத் தண்ணீர் அதில் இறங்குகிறது. செடிக்கு வராவிட்டாலும் தெருவில் தேங்கவில்லை, அது போதும். அரிசி கழுவியது, கேழ்வரகு ஊற வைத்தது எல்லாம் எப்போதும் போல மாட்டுக்குக் கழனித் தண்ணீர். காய் கழுவியது பூச்செடிக்கு.

பூச்செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை ஒரே ஒரு கட்டளை போட்டார். குளித்த தண்ணீர் பட்ட செடியிலிருந்து பறித்த பூவைச் சாமிக்கு வைக்க மாட்டார். நான் முதலில் வாதம் செய்தேன், மண்ணுக்குள் போனபின் எல்லாம் ஒன்றுதானே என்று. அவர் பேசவில்லை, இரண்டு நாள் கடையில் பூ வாங்கினார். முழம் 30 ரூபாய். சரி என்று கனகாம்பரத்துக்கும் மல்லிக்கும் காய் கழுவிய தண்ணீரைத் திருப்பிவிட்டேன். வீட்டில் ஒருவர் மனசுக்கு ஒப்பாத தண்ணீர் வழி ரொம்ப நாள் ஓடாது. என்றைக்காவது வால்வு மூடித்தான் கிடக்கும்.

கீரைக்கும் கொத்தமல்லிக்கும் மட்டும் நானே விட மாட்டேன். குளித்த தண்ணீரில் கிருமி இருக்கத்தான் செய்யும், பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்கிற இலையில் அது படக்கூடாது. வாழை, தென்னை, பப்பாளி, முருங்கைக்குப் பயமில்லை, வேரில்தான் விடுகிறோம், காய் மேலே இருக்கிறது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தாலோ, குளியலறையை ஆசிட், ஃபினாயில் போட்டுக் கழுவினாலோ, தலைக்குச் சாயம் பூசினாலோ அன்றைக்குத் தோட்டத்து வால்வை மூடிச் சாக்கடை வால்வைத் திறந்துவிடுவோம். அந்த இரண்டாவது வால்வு 180 ரூபாய். வேண்டாம் என்று சொல்ல இருந்தேன்.

அது எவ்வளவு முக்கியம் என்று டிசம்பரில் தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்து எங்கள் பக்கம் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏப்ரலில் லோடுக்கு 800 ரூபாய் கொடுத்த அதே ஊரில் பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் அவ்வளவு சேதமில்லை. ஆனால் ராத்திரி குளியலறையில் களகளவென்று சத்தம். விளக்கு போட்டுப் பார்த்தால் தரையிலுள்ள ஜாலி வழியாக மட்டைத் தூளோடு பழுப்புத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. குழி நிரம்பித் தண்ணீர் திரும்பி ஏறியிருந்தது. வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு போய் தோட்டத்து வால்வை மூடினார். அடுத்த வாரமே குழியின் ஒரு பக்கம் வரப்பை வெட்டி, மழைத் தண்ணீர் வழிந்தோட வாய் விட்டோம். இப்போது வானம் கறுத்தாலே என் கை வால்வுக்குப் போய்விடுகிறது.

ஆர்ஓ கதை மிச்சம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்கும் பக்கத்து தருமபுரிக்கும் தண்ணீர் என்றால் ஃப்ளோரைடும் கூடவே வரும். பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகள், முட்டி மடக்க முடியாத பெரியவர்கள் என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்காகத்தான் 2013-ல் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாய் எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன் வாங்கிய ஆர்ஓ மெஷின் வீட்டில் இருந்தது. குழாய் வந்த பிறகும் பழக்கத்தில் அந்தத் தண்ணீரையும் அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். குழாய் வராத நாளில் போர் தண்ணீர்.

வெளியே வரும் 40 லிட்டரை வீணாக்கக் கூடாதென்று மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். ஒரு வாரம் போயிருக்கும், சினை ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் தொட்டியைப் பார்த்து, எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர் என்று கேட்டார். சொன்னேன். "ஏம்மா, உங்களுக்கு ஆகாதுன்னு பிரிச்செடுத்ததையெல்லாம் மாட்டுக்கு வைக்கிறீங்களே" என்றார். அவர் சொன்னது சரிதான். மெஷின் உப்பையும் ஃப்ளோரைடையும் அழிப்பதில்லை, ஒரு பக்கம் ஒதுக்குகிறது, அவ்வளவே. போர் தண்ணீரை ஊற்றினால் கழிவில் அது இன்னும் கெட்டியாக இருக்கும், மாட்டுக்கும் பல்லும் எலும்பும் கெடும். செடிக்கும் அதை விடக் கூடாது.

அவர் போன பிறகு இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒன்று குழாய், ஒன்று போர், கிருஷ்ணகிரியில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போரில் 2.4. குழாய்த் தண்ணீரில் 1-க்குக் கீழே, கரைந்த உப்பும் லிட்டருக்கு 300 மில்லிகிராம் சொச்சம்தான். உப்பு 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி 2019-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. நாங்களோ அத்தனை தூரம் பைப்பில் வந்த காவிரித் தண்ணீரை மெஷினில் ஊற்றி, முக்கால்வாசியைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறோம். அன்றோடு குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கிறோம். ஒன்று சொல்ல வேண்டும், காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடும். கடையில் விற்கும் பேனா மாதிரி மீட்டரும் உப்பைத்தான் காட்டும், ஃப்ளோரைடைக் காட்டாது. போர் தண்ணீர் குடிக்கிற வீடுகள் மீட்டரை நம்பி மெஷினை நிறுத்திவிட வேண்டாம், ஆய்வகத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் செய்து என்ன மிச்சம் என்று கேட்டால், நான் ஒரு தடவை ஏமாந்த கணக்கையும் சொல்ல வேண்டும். வாழைக் குழி ஓட ஆரம்பித்த முதல் மாதம் நோட்டில் "160 லிட்டர் மறுபயன்பாடு" என்று பெருமையாக எழுதினேன். ஆனால் டேங்கர் லோடு குறையவில்லை. யோசித்துப் பார்த்தால், இலவசத் தண்ணீர் வருகிறதே என்று ஐந்து பப்பாளியும் இரண்டு முருங்கையும் புதிதாக வைத்திருந்தேன். பழைய செடிகளுக்கு எட்டு பக்கெட் நல்ல தண்ணீர் எப்போதும் போல் போய்க்கொண்டிருந்தது. குளியல் தண்ணீரைத் திருப்பி விட்டதில் தோட்டம் பெருத்தது, தொட்டியில் ஒரு சொட்டு மிஞ்சவில்லை. அதன் பிறகு நோட்டில் எழுதும் தலைப்பையே மாற்றினேன். எவ்வளவு அழுக்குத் தண்ணீர் செடிக்குப் போனது என்று எழுதுவதில்லை, எந்த வேலைக்கு நல்ல தண்ணீர் எடுப்பதை நிறுத்தினேன் என்று மட்டும் எழுதுகிறேன். அந்தக் கணக்கில் செடிக்கு 120, கழிப்பறையில் 40, ஆக நாளைக்கு 160 லிட்டர். மாதத்துக்கு ஒரு டேங்கர் லோடு. ஆர்ஓவை நிறுத்தியதில் மிஞ்சிய 40 லிட்டர் காவிரித் தண்ணீர் அதற்கு மேல். டேங்கர் வாங்கும் மாதங்களில் 3,400 ரூபாய் நாலைந்து மாதத்தில் திரும்பிவிடும். போர் நன்றாக ஓடும் மாதத்தில் காசாக ஒன்றும் தெரியாது.

போன வாரம் குழியின் மேல் மட்டைகளை விலக்கிப் பார்த்தேன். ஒரு அடி உயரத்துக்கு மேடாக இருந்தது தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளே கறுப்பாக, உதிரி உதிரியாக, கையில் எடுத்தால் மண் வாசனை. மண்புழு நெளிந்தது. பைப் வாயில் மட்டும் கொத்தாக முடி, மகளுடையதுதான், கம்பியை விட்டு இழுத்துப் போட்டேன். மக்கியதைக் கூடையில் அள்ளித் தென்னைக்குப் போட்டுவிட்டோம். புதிதாக நிரப்ப மூன்று மூட்டை மட்டை வேண்டும். சிங்காரப்பேட்டையில் இளநீர் வெட்டுகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சந்தை நாள் சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மொந்தன் ஒன்று தார் தள்ளியிருக்கிறது. பூவை யாருக்கும் கொடுக்கக் கூடாது, பொரியலுக்கு வேண்டும் என்று அத்தை அதற்குள் சொல்லிவிட்டார்.